மரமா, வலையா? கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றுமுன் ஒரு கேள்வி

கடையில் கம்ப்யூட்டர் வைப்பதா வேண்டாமா என்ற பேச்சு நம் வணிகர்களிடையே முடிந்து வெகுகாலம் ஆகிறது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் மிச்சம் இருந்தவர்களும் வாங்கிப் போட்டார்கள். 2023 ஆகஸ்டு முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் பதிவு பெற்ற வியாபாரிக்குப் போடும் பில்லை மின்னணு முறையிலேயே பதிய வேண்டியதாயிற்று. ஆகவே இப்போது எல்லாரும் விசாரிப்பது எந்த சாஃப்ட்வேர் நல்லது, யார் செய்து தருகிறார்கள், என்ன விலை என்பதைத்தான். அதற்குள்ளே நம் சரக்கும் நம் வாடிக்கைக்காரர்களும் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அது புரோகிராம் எழுதுகிறவர் பாடு என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டதனால் பாக்கி முடங்கிப்போன கடைகளை நாம் பார்த்திருப்பதால் இதை எழுத வேண்டியதாயிற்று.

தகவலை அடுக்குவதற்குப் புரோகிராம்காரர்களிடம் பல முறைகள் உண்டு. நம் தொழிலுக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று மரம், அவர்கள் ட்ரீ என்பார்கள். மற்றது வலை, அவர்கள் வழக்கில் கிராஃப். கிராஃப் என்றதும் மிளகாய் வத்தல் விலை ஏறி இறங்கும் கோட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் சேர்ந்தது. ரயில்வே அட்டவணைப் புத்தகத்தில் பின்பக்கம் இருக்குமே ஒரு பாதைப் படம், அதைப் போன்றது.

மரத்தில் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். மளிகை, அதன் கீழ் பருப்பு வகை, அதன் கீழ் உளுந்து, அதன் கீழ் உருட்டு உளுந்து. உச்சியில் இருப்பதற்கு மட்டும் மேலே எதுவும் கிடையாது. எந்த இடத்திலிருந்தும் உச்சிக்குப் போக ஒரே வழி. கீழே இறங்கிக்கொண்டே போனால் புறப்பட்ட இடத்துக்கு ஒருநாளும் திரும்ப வரமாட்டோம். 100 பெயர்கள் இருந்தால் இணைப்புகள் சரியாக 99. வலையில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. யாரும் யாரோடும் இணையலாம், சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேரலாம். அதே 100 பெயர்களுக்கு 4,950 இணைப்புகள் வரை போகலாம்.

மரத்தைக் கம்ப்யூட்டரில் வைப்பது சுலபம். பேரேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'மேல் பக்கம் எண்' என்று ஒரு கட்டம் போட்டதுபோல, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கட்டம் கொடுத்தால் போதும். கட்டம் ஒன்று, அதில் எழுதும் பெயரும் ஒன்று. வலைக்கு இது போதாது. யாரிலிருந்து யாருக்கு, என்ன உறவு என்று வரிக்கு ஓர் இணைப்பாக எழுதிக்கொண்டே போக இன்னொரு தனி நோட்டு வேண்டும். முதலில் கட்டம் போட்டு எழுதிவிட்டு, 2 வருஷம் கழித்துத் தனி நோட்டுக்கு மாற்றலாம் என்றால், அந்தக் கட்டத்தை நம்பி எழுதிய ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் பிரித்துத் தைக்க வேண்டும். சாஃப்ட்வேர் வாங்கிய விலையைவிட அந்தக் கூலி அதிகமாகப் போவதுண்டு. எனவே எது மரம், எது வலை என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும். முடிவு செய்ய வேண்டியவர் வியாபாரம் தெரிந்தவர். புரோகிராம் எழுதும் பையனுக்கு நம் லைனும் தெரியாது, நம் பார்ட்டிகளின் ஜாதகமும் தெரியாது.

மரம் எங்கே பொருந்தும்? பணத்தைக் கூட்டிப் பார்க்கிற இடமெல்லாம் மரம்தான் சரி. நம்மில் பெரும்பாலோர் பழகிய டாலி சாஃப்ட்வேரிலேயே முன்கூட்டி அமைத்துக் கொடுத்த கணக்குப் பிரிவுகள் 28. அவற்றில் 15 தலைப் பிரிவுகள், 13 உட்பிரிவுகள். நமக்குப் பணம் தர வேண்டியவர்கள் எல்லாம் சன்ட்ரி டெட்டார்ஸ். அது கரண்ட் அசெட்ஸின் கீழ் வரும். ஒரு லெட்ஜரை ஒரு பிரிவின் கீழ்தான் வைக்க முடியும். சிலருக்கு இது இடைஞ்சலாகத் தெரியலாம். ஆனால் இந்தக் கண்டிப்பு இருப்பதால்தான் ஐந்தொகை ஒவ்வொரு ரூபாயையும் ஒரே தரம் எண்ணுகிறது.

இதைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு சரக்குக்கு எத்தனை தலைப்பு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று சில புதிய சாஃப்ட்வேர்களில் வசதி கொடுக்கிறார்கள். 100 மூட்டை குண்டூர் வத்தலை 'வத்தல்' என்ற தலைப்பிலும் வைக்கிறோம், குளிர்பதனக் கிட்டங்கியில் இருப்பதால் 'கிட்டங்கிச் சரக்கு' என்ற தலைப்பிலும் வைக்கிறோம். இரண்டு தலைப்பையும் கூட்டினால் 200 மூட்டை. அந்தத் தாள் மாதாமாதம் பேங்குக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டாகப் போனால் விளைவு என்ன என்று கேஷ் கிரெடிட் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு என்ன என்பது ஒரு மரம். எங்கே இருக்கிறது என்பது வேறொரு மரம். இரண்டையும் தனித்தனியாக வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றின் வழியாக மட்டும் கூட்ட வேண்டும். டாலியிலும் ஸ்டாக் குரூப், ஸ்டாக் கேட்டகரி, கிட்டங்கிக்குத் தனி இடம் என்று இப்படித்தான் பிரித்திருக்கிறார்கள்.

மரத்துக்கு நாம் தினமும் கையாளும் பெரிய உதாரணம் எச்.எஸ்.என். குறியீடு. 1988-இல் உலக அளவில் நடைமுறைக்கு வந்த இந்த வகைப்பாட்டில் 21 பகுதிகள். முதல் 2 இலக்கம் அத்தியாயம், 4 இலக்கம் தலைப்பு, 6 இலக்கம் உட்தலைப்பு; நம் நாட்டில் 8 இலக்கம் வரை பிரித்திருக்கிறார்கள். மிளகும் வத்தலும் 0904, மல்லியும் சீரகமும் 0909, மஞ்சள் 0910. 9-ஆம் அத்தியாயம் நம் அஞ்சறைப் பெட்டி என்று நினைத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். கடுகும் கசகசாவும் எண்ணெய் வித்துகளோடு 1207-இல் உட்கார்ந்திருக்கின்றன. பெருங்காயம் பிசின் வகை என்பதால் 1301. காய்ந்த புளி பழவகையில் சேர்ந்து 0813. உப்பு 2501-க்குப் போய்விட்டது. மளிகைக்கடைக்காரருக்கு இவை எல்லாம் ஒரே அலமாரி. ஆனால் வரி போடுகிறவருக்கு ஒரு பொருளுக்கு ஓர் இடம்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு வரி விகிதம் ஆகிவிடும். சாஃப்ட்வேரில் நம் அலமாரி ஒரு மரமாகவும், எச்.எஸ்.என். இன்னொரு மரமாகவும் இருக்கட்டும். எச்.எஸ்.என். வரிசையிலேயே சரக்குப் பட்டியலை அமைத்துக் கொடுத்த ஒரு சாஃப்ட்வேரைப் பார்த்தோம். பெருங்காயத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் வந்த ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

வாடிக்கைக்காரர்கள் விஷயத்துக்கு வருவோம். நம் பணம் வெளியே நிற்பது அங்கேதான்.

பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் வாடிக்கைக்காரர்களும் மரமாகத்தான் இருக்கிறார்கள். மாவட்டம், ஊர், லைன், கடை, கடைக்குக் கீழே பில்கள். வசூலுக்குப் போகிற ஆளுக்கு லைன் வாரியாகப் பட்டியல் எடுத்துக் கொடுக்க இது போதும். ஆனால் ஒரு கடை திங்கட்கிழமை லைனிலும் வியாழக்கிழமை லைனிலும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிந்த ஒரு மொத்தக் கடையில் இதைச் செய்ய முடியுமா என்று முதலாளி கேட்டார். "அண்ணாச்சி, ஒரு கடைக்கு ஒரு லைன்தான் வச்சிருக்கோம். மாத்தணும்னா வசூல் ரிப்போர்ட் எல்லாம் திரும்ப எழுதணும்" என்றான் பையன். "அப்ப என்ன தம்பி பண்ண?" என்றதற்கு, "அதே கடையை இன்னொரு பேர்ல போட்டுக்குங்க" என்று வழி சொன்னான். அப்படியே போட்டார்கள். கடைப் பெயருக்குப் பின்னால் 2 என்று சேர்த்து இன்னொரு லெட்ஜர். அன்றைக்கே அந்தக் கடையின் கடன் வரம்பு, யாரும் கேட்காமலே, இரண்டு மடங்காகிவிட்டது! முதல் லெட்ஜரில் வரம்பு முட்டினால் லைன் ஆள் இரண்டாவதில் பில் போடுவார். பழைய பாக்கி 90 நாளைத் தாண்டியது எந்தத் தாளிலும் சிவப்பாக வராது.

இது ஒரே கடைக்குள் நடப்பது. கடைகளுக்கிடையே உள்ள உறவு இன்னும் ஆழமானது. ஒரு கடைக்கு நாம் சரக்கு கொடுப்பது அவர் முகத்துக்காக மட்டும் அல்ல. இன்னார் சொன்னார், இன்னாருடைய மைத்துனர், இன்னாருடைய செக் வருகிறது என்ற முகாந்திரங்களுக்காகவும் கொடுக்கிறோம். இப்படி வைத்துப் பாருங்கள். மூன்று ஊர்களில் மூன்று கடைகள், ஒவ்வொன்றுக்கும் 2 லட்சம் வரம்பு. முதல் கடைக்காரரை அறிமுகம் செய்தவர் இரண்டாம் கடைக்காரர். இரண்டாமவருக்கு ஜவாப் சொன்னவர் மூன்றாமவர். மூன்றாமவருக்கு முதல் கடைக்காரரே ஜவாப். மரத்தில் இவை மூன்று ஊர்களின் கீழே தனித்தனியே 2 லட்சம் பாக்கி. வலையில் போட்டுப் பார்த்தால் ஒரே வட்டம். ஒருவருக்கு ஒருவர் ஜவாப் சொன்னதாக எண்ணியிருந்தோம், உண்மையில் வெளியிலிருந்து யாருமே சொல்லவில்லை. நம் பணம் 6 லட்சம் ஒரே இடத்தில் நிற்கிறது. ஒருவர் நொடித்தால் மற்ற இருவரும் அதே வாரம் கடையைச் சாத்துவார்கள்.

பழைய காலத்தில் இந்த வலை முதலாளியின் தலையில் இருந்தது. கணக்குப்பிள்ளைக்கும் கொஞ்சம் தெரியும். இன்று 800 கடைக்குச் சரக்குப் போகிறது, பில் போடுவது வேறு ஆள், வசூல் வேறு ஆள். தலையில் இருந்த வலை தலையிலேயே நின்றுவிட்டது; கம்ப்யூட்டருக்குள் மரம் மட்டும் போயிற்று.

வலையைக் கம்ப்யூட்டர் பார்க்கும் விதம் நம் கிட்டங்கி வேலை தெரிந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஒரு கடையில் புறப்பட்டு அதன் இணைப்புகளை எல்லாம் தொட்டு, அவற்றின் இணைப்புகளைத் தொட்டு, போய்க்கொண்டே இருக்கும். வட்டம் இருந்தால் சுற்றிச் சுற்றி வந்து நிற்காது. அதனால் தொட்ட கடைக்கு ஒரு குறி போட வேண்டும். மூட்டை எண்ணும்போது எண்ணிய மூட்டைக்குச் சாக்பீஸ் கோடு போடுகிறோம் அல்லவா, அதுவேதான். குறி உள்ள கடையை மறுபடி தொடாது. தொட ஏதும் மிச்சம் இல்லாதபோது, குறி விழுந்தவை எல்லாம் ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தின் மொத்தப் பாக்கி என்ன என்று ஒரு தாள் எடுத்தால் போதும். சின்னக் கம்ப்யூட்டருக்கே இது கண் மூடித் திறக்கும் வேலை.

இணைப்புகளில் சிலவற்றை நாம் எழுதவே வேண்டாம். ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து. முதல் 2 மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 எழுத்தும் அவருடைய பான் எண். ஆகவே வேறு பெயர்ப்பலகை மாட்டிய இரண்டு கடைகளுக்கு அந்த 10 எழுத்தும் ஒன்றாக இருந்தால் இருவரும் ஒருவரே. இதைச் சாஃப்ட்வேர் தானே கண்டுபிடிக்கும். அண்ணன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்றால் பான் வேறு. அதை ஆள்தான் எழுத வேண்டும். ஒன்று சொல்ல வேண்டும்: இந்த உறவு நோட்டு கவுண்டர் பையன் கண்ணில் படும்படி இருக்கக்கூடாது. பாஸ்வேர்டு முதலாளியிடம் மட்டும் இருக்கட்டும்.

வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவராக இருப்பதும் நம் தொழிலில் சகஜம். ஒரு மண்டியில் மல்லி வாங்குகிறோம், அவருக்கே எண்ணெய் கொடுக்கிறோம். மரத்தில் அவர் கிரெடிட்டார்ஸ் கிளையில் ஒரு முறை, டெட்டார்ஸ் கிளையில் ஒரு முறை. எதிர்க்கணக்கு எவ்வளவு என்று கேட்டால் இரண்டு தாளைக் கையில் வைத்துக் கழிக்க வேண்டும். இதற்கும் ஓர் இணைப்பு போதும்.

மரமும் இல்லாமல், முழு வலையும் இல்லாமல் நடுவில் ஒரு வகை உண்டு. மசாலாப் பொடி அரைத்துப் பாக்கெட் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாம்பார் பொடிக்கு வத்தல், மல்லி, பருப்பு, வெந்தயம். ரசப்பொடிக்கும் மல்லி, மிளகு, சீரகம், பருப்பு. மல்லிக்கு மேலே இப்போது இரண்டு பேர். மரமாகப் போட்டால் மல்லியை ஒவ்வொரு பொடியின் கீழும் மறுபடி மறுபடி எழுத வேண்டும். மார்க்கெட்டில் விலை மாறினால் அத்தனை இடத்திலும் மாற்ற வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் அந்தப் பாக்கெட்டை நஷ்டத்துக்கு விற்றுக்கொண்டிருப்போம். மல்லியை ஒரே இடத்தில் வைத்து, இன்ன பொடிக்குக் கிலோவுக்கு இத்தனை கிராம் என்று இணைப்பில் எழுதினால் விலையை ஒரு தரம் மாற்றினால் போதும். ஆனால் இங்கே வட்டம் வரக்கூடாது. குழம்புப் பொடியில் சாம்பார் பொடி சேரும் என்று எழுதி, சாம்பார் பொடியில் மிஞ்சிய குழம்புப் பொடி சேரும் என்றும் எழுதிவிட்டால் அடக்க விலை கணக்கு முடிவே இல்லாமல் ஓடும். நல்ல சாஃப்ட்வேர் அப்படி எழுதவே விடாது.

இந்த உதிரிச் சிக்கல் நமக்கு மட்டும் வந்தது என்று எண்ண வேண்டாம். அமெரிக்கர்கள் சந்திரனுக்கு ஆள் அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் உதிரிபாகப் பட்டியலுக்காக ஐ.பி.எம். கம்பெனி மற்றக் கம்பெனிகளோடு சேர்ந்து உருவாக்கிய ஐ.எம்.எஸ். என்ற தகவல் தொகுப்பு 1968-இல் ஓடத் தொடங்கியது. அது மர அமைப்பு. ஒரே பாகம் பல இடங்களுக்குப் போகும்போது இடிக்கும் என்பதால், பிற்பாடு ஒரு பாகத்துக்கு இன்னொரு மேலாளையும் இணைக்க அதில் வழி செய்தார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் சார்லஸ் பாக்மன் என்பவர் அதற்கு முன்பே, 1960-களின் தொடக்கத்தில், வலை போன்ற அமைப்பைச் செய்து காட்டியிருந்தார். 1973-இல் கம்ப்யூட்டர் துறையின் பெரிய பரிசான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. 1970-இல் ஐ.பி.எம்.மின் காட் என்பவர் எல்லாவற்றையும் அட்டவணைகளாக வைக்கும் முறையைச் சொன்னார். இன்று நம் கடைச் சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் அந்த அட்டவணை வழியில் வந்தவை. நாம் மேலே சொன்ன 'ஒரு கட்டம்', 'தனி நோட்டு' இரண்டுமே அட்டவணைகள்தான்.

வண்டி அனுப்பும் பாதை வலைதான் என்பது சொல்லாமலே விளங்கும். விருதுநகரிலிருந்து சாத்தூர், அங்கிருந்து சிவகாசி, திருத்தங்கல் வழியாக மறுபடி விருதுநகர் என்று வட்டமாக வரலாம். சாத்தூர் லைன், சிவகாசி லைன் என்று மரமாகப் பிரித்துவிட்டால் வண்டி ஒவ்வொரு தரமும் கடைக்குத் திரும்பி வந்து போகும். டீசல் நம் கணக்கில். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் குறுகிய வழி காண, ஹாலந்து நாட்டு டைக்ஸ்ட்ரா 1959-இலேயே சுலபமான முறையை எழுதி வெளியிட்டுவிட்டார். ஆனால் பல கடைகளுக்கு எந்த வரிசையில் போவது என்பது வேறு கணக்கு. 10 கடைக்கே 36,28,800 வரிசைகள். இதற்கென்று பெரிய விலை சொல்லி சாஃப்ட்வேர் விற்க வருகிறார்கள். 10, 15 கடை லைனுக்கு நம் டிரைவர் சொல்லும் வரிசையே போதும் என்பது நம் கருத்து.

வரித்துறை நம்மை எந்த அமைப்பில் பார்க்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. நாம் கட்டிய உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள, நமக்கு விற்றவர் அந்த வரியை அரசுக்குக் கட்டியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2022 ஜனவரி 1 முதல், அவர் அந்தப் பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டியிருக்கவும் வேண்டும். ஆக நம் கணக்கு அடுத்தவர் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. சரக்கு அசையாமல் பில் மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிற மோசடியைப் பிடிக்க, யார் யாருக்கு விற்றார் என்று துறை வலையாக வரைந்து பார்க்கிறது. நாணயமான வியாபாரியும் தெரியாமல் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக இருந்துவிடலாம். நம் கணக்கில் தெரிவது நம் பக்கத்துக் கண்ணிகள் மட்டும். ஆனாலும், நம் கொள்முதலிலும் விற்பனையிலும் ஒரே ஜி.எஸ்.டி. எண் வருகிறதா, அதுவும் ஒரே சரக்குக்கா என்று மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். மேலே சொன்ன எதிர்க்கணக்கு இணைப்பு இருந்தால் இந்தத் தாளும் தானே வரும்.

எல்லாக் கடைக்கும் வலை வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 300 சரக்கும் ரொக்க வியாபாரமும் உள்ள சில்லறைக் கடைக்கு மரமே தாராளம். அதற்கு மேல் செலவழிப்பது வீண். கடனுக்கு விற்கிற மொத்த வியாபாரிக்கு வாடிக்கைக்காரர் பகுதி மட்டுமாவது வலையாக இருக்க வேண்டும்.

வாங்குமுன் செய்து காட்டச் சொல்ல வேண்டியவை சில உண்டு. மாதிரிக் கடைகளை வைத்து அவர்கள் காட்டுவதை நம்பாமல் நம் பார்ட்டிகளின் பெயரையே போடச் சொல்லுங்கள். ஒரு கடையை இரண்டு லைனில் சேர்த்து, இரண்டு லைன் தாளிலும் பெயர் வருகிறதா, மொத்தப் பாக்கியில் ஒரு தரம்தான் கூடுகிறதா என்று பாருங்கள். மூன்று கடைகளை வட்டமாக ஜவாப் கட்டி, கூட்டப் பாக்கி கேளுங்கள். கம்ப்யூட்டர் நின்றுபோனால் சாக்பீஸ் கோடு போட மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். கடைசியாக எல்லாவற்றையும் எக்ஸெலில் இறக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். கடைப் பட்டியல் ஒரு ஷீட்டிலும், யாருக்கு யார் என்ற இணைப்புகள் இன்னொரு ஷீட்டிலும் வர வேண்டும். நாளைக்கு வேறு சாஃப்ட்வேருக்கு மாறினால் எடுத்துக்கொண்டு போக வேண்டியது அந்த இரண்டாவது ஷீட். அது வருகிறவரை கடைசித் தவணைப் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.